கைப்பக்குவமும் எழுத்தும்

மனிதன் கற்ற கலைகளுள் நாள்தோறும் தவறாமல் பயிலப்படுவது சமையற்கலை. இசை அறியாத வீடு உண்டு. ஓவியம் அறியாத வீடு உண்டு. அடுப்பு எரியாத வீட்டைக் காண்பது அரிது. ஆயினும், இத்துணைப் பரவலாகப் பயிலப்படும் இக்கலை மிகக் குறைவாகவே எழுதிவைக்கப்பட்டது. சிற்பிக்குச் சிற்ப நூல் உண்டு. மருத்துவனுக்கு மருத்துவ நூல் உண்டு. வீட்டில் சமைக்கும் தாய்க்கோ, தன் தாய் சொன்ன சொல்லும் தன் கையும் கண்ணும் நாவுமே நூல்களாக இருந்தன. அவள் பெற்ற அறிவு அவளோடு வாழ்ந்தது. பல வேளைகளில் அவளோடு மறைந்தும் போயிற்று. அவ்வறிவை எழுத்தில் காக்கவும், ஒழுங்குபடுத்தவும், பிறரோடு பகிர்ந்துகொள்ளவும் மக்கள் நெடுங்காலம் முயன்றனர். அம்முயற்சி இன்று இணையத்தின் துணையோடு ஒவ்வொருவர் கைப்பேசிக்குள்ளும் வந்து நிற்கின்றது.

திருப்பூரில் ஓர் இரவு

கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ் பெற்ற நகரம். நூலைத் துணியாகப் பின்னுதல், சாயமேற்றுதல், வெட்டுதல், தைத்தல், சரிபார்த்தல், கட்டுதல் என அங்கே தொழில்கள் பல. அவற்றை நாடித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து வாழ்கின்றனர். அவர்களுள் இளைஞர் மிகப் பலர். வேலை மிகுந்த நாள்களில் 'ஒன்றரை ஷிப்டு' முடித்து அவர்கள் அறைக்குத் திரும்பும்போது இரவு எட்டரை மணிக்கு மேலாகிவிடும். அதன் பின்னரே அவர்களுடைய அடுப்பு எரியத் தொடங்கும்.

அத்தகைய அறையொன்றில், தென்மாவட்டத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன், ஊரில் உள்ள தாயிடம் கைப்பேசியில் புளிக்குழம்பு செய்யும் முறையைக் கேட்பதாகக் கொள்ளலாம். "புளி எவ்வளவு அம்மா?" என்று அவன் கேட்கின்றான். "ஓர் எலுமிச்சம்பழ அளவு" என்பது விடை. "உப்பு?" "கண்ணளவாகப் போடு." "எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?" "வாசனை மாறும் வரைக்கும்."

தாய் கூறியவற்றுள் ஒன்றும் பொய்யன்று. அவளுடைய கண்ணுக்கு அளவு தெரியும். பச்சை வாசனை மாறி, குழம்பு மணக்கும் நொடியை அவளுடைய மூக்கு அறியும். முப்பது ஆண்டுப் பழக்கம் அவளுக்குள் ஒரு தராசையும் ஒரு கடிகாரத்தையும் அமைத்துவைத்துள்ளது. மகனிடம் அவை இரண்டும் இல்லை. ஆதலின், அதே புளியும் அதே மிளகாயும் அவன் கையில் வேறு குழம்பாகி விடுகின்றன. தாய்க்கும் மகனுக்கும் இடையே சொற்கள் குறைவின்றிச் செல்கின்றன. அளவு மட்டும் சென்று சேரவில்லை. சமையற் குறிப்பு என்பது தோன்றியதற்குக் காரணம் இக்குறையே.

சட்டை கற்பிக்கும் பாடம்

இக்குறைக்குத் தீர்வு எங்கே உள்ளது என்பதை அவ்விளைஞன் பகல் முழுவதும் செய்யும் வேலையே காட்டுகின்றது. ஐரோப்பாவில் உள்ள ஒரு வணிகருக்குத் திருப்பூரில் சட்டை தைக்கப்படுகின்றது. அவரும் இவ்வூர்த் தையற்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தவரல்லர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எனினும், வணிகர் விரும்பிய சட்டை பிழையின்றி உருவாகின்றது. அதற்குக் காரணம் இருவருக்கும் நடுவே செல்லும் ஓர் அளவுத்தாள்.

அத்தாளில் 'நல்ல கனமான துணி' என்று எழுதப்படுவதில்லை. ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம் எடை இருக்க வேண்டும் என்று எழுதப்படுகின்றது. இதனையே தொழிலாளர் 'ஜி.எஸ்.எம்.' என்று வழங்குவர். மார்பின் அகலம் இவ்வளவு, கையின் நீளம் இவ்வளவு, அளவில் எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் ஏற்கப்படும் என்பனவெல்லாம் எண்களால் குறிக்கப்படுகின்றன. எந்த வேலை முந்தியது, எது பிந்தியது என்னும் வரிசையும் உண்டு. தோளை இணைக்குமுன் கையை இணைக்க இயலாது. பொருள், அளவு, வரிசை என்னும் மூன்றும் தெளிவாக இருப்பதால், ஒருவர் எண்ணம் மற்றொருவர் கையில் உருப்பெறுகின்றது.

நல்ல சமையற் குறிப்பும் இத்தகைய ஓர் அளவுத்தாளே. எவை வேண்டும், எவ்வளவு வேண்டும், எதன்பின் எது வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் அது விடை கூற வேண்டும். அங்ஙனம் கூறுமாயின், தாய் எங்கே இருப்பினும் அவளுடைய குழம்பு மகனுடைய அடுப்பில் கொதிக்கும்.

மடைநூல்

சமையல் பற்றிய நூல்கள் பழந்தமிழருக்குப் புதியன அல்ல. பண்டைத் தமிழில் சமையல் நூலுக்கு மடைநூல் என்பது பெயர். சமையற்காரனை மடையன் என்று அக்காலத்தில் வழங்கினர். இன்று அச்சொல் வசையாகிவிட்டது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் அரண்மனை விருந்தைக் கூறுமிடத்து, அங்கே படைக்கப்பட்ட உணவுகள் வீமன் இயற்றிய நுண்ணிய நூலினின்று வழுவாமல் சமைக்கப்பட்டவை என்று சொல்கின்றது. நாடகக் கணிகையர் கற்க வேண்டிய கலைகளுள் ஒன்றாக மணிமேகலை மடைநூலைக் குறிக்கின்றது. கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், உளுந்து மாவால் செய்யும் 'இட்டரிகை' முதலிய பல உணவுகளின் செய்முறைகள் உள்ளன.

ஆயினும், இவை அரண்மனை அடுக்களையின் அறிவு. உழவர் வீட்டுக் களியும், நெசவாளர் வீட்டுக் கொள்ளுப் பருப்பும் அவற்றுள் இடம்பெறவில்லை. எழுத்தறிவு சிலருக்கே உரியதாயிருந்த காலத்தில், பெரும்பாலோர் உணவு எழுத்தின் எல்லைக்கு வெளியே நின்றது.

அச்சு நூல்கள் பெருகிய பிறகே இந்நிலை மாறத் தொடங்கியது. இங்கிலாந்தில் எலிசா ஆக்டன் என்னும் பெண்மணி 1845இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு குறிப்பின் இறுதியிலும் தேவையான பொருள்களையும் அவற்றின் அளவுகளையும் தனியே தொகுத்து எழுதினார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சமையற் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட நூல், கரண்டியையும் குவளையையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 'ஒரு குவியற் கரண்டி' என்பது கைக்குக் கை வேறுபடும். 'தலைதட்டிய கரண்டி' எவர் கையிலும் ஒன்றே. சிறிய செய்தியாகத் தோன்றும் இம்மாற்றமே, சமையலை எவரும் கற்கக்கூடிய கலையாக்கியது.

தமிழகத்தில் இப்பணியைச் செய்தவர்களுள் சிறப்பாக நினைக்கத்தக்கவர் எஸ். மீனாட்சி அம்மாள். சமையலில் தேர்ந்த அவரிடம் உறவினரும் நண்பரும் குறிப்புகள் கேட்டுக்கொண்டே இருந்தனர். தனித்தனியே எழுதி அனுப்புவதைக் காட்டிலும் நூலாக்குதல் நன்று என்று அவருடைய உறவினரான கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர் ஊக்கினார். அதன் பயனாக 1951இல் 'சமைத்துப் பார்' என்னும் நூலின் முதற்பகுதி வெளிவந்தது. முன்பின் சமைத்தறியாதவரும் கற்றுக்கொள்ளும் வண்ணம் அந்நூல் ஒவ்வொரு செயலையும் படிப்படியாக விளக்கியது. புதுக்குடித்தனம் செல்லும் மகளுக்குப் பாத்திரங்களோடு அந்நூலையும் கொடுத்து அனுப்பிய குடும்பங்கள் பல. கடல் கடந்து சென்ற தமிழருடைய பெட்டிகளிலும் அது இடம்பெற்றது. ஒருவர் கைப்பக்குவம் எழுத்தாகிய பின்னர் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு அந்நூலே சான்று.

தேடும் தொல்லை

எழுதிவைத்தலால் மட்டும் பணி முடிவதில்லை. எழுதியது வேண்டும்போது கிடைக்க வேண்டும். பல வீடுகளில் ஒரு பழைய குறிப்பேடு இருக்கும். வார இதழ்களிலிருந்து வெட்டிய துண்டுகள் அதனுள் செருகப்பட்டிருக்கும். எண்ணெய் பட்ட ஒரு தாளில் முறுக்கின் அளவு இருக்கும். நாட்காட்டியின் பின்புறத்தில் ஊறுகாயின் அளவு இருக்கும். தீபாவளிக்கு முதல்நாள் வீடு முழுவதும் தேடினாலும், வேண்டிய தாள் மட்டும் அகப்படாது. ஒழுங்கற்ற செல்வம் இல்லாத செல்வத்திற்கு ஒப்பாகும்.

இத்தொல்லையைக் கணினி தீர்க்கும் என்று மக்கள் முன்னரே எண்ணினர். 1969இல் அமெரிக்காவில் 'ஹனிவெல் அடுக்களைக் கணினி' என்னும் பொறி விற்பனைக்கென விளம்பரம் செய்யப்பட்டது. அதன் விலை 10,600 டாலர். சமையற் குறிப்புகளைச் சேர்த்துவைப்பது அதன் வேலை. காய் நறுக்குவதற்கான பலகையும் அதனோடு பொருத்தப்பட்டிருந்தது. ஆனால், அதனோடு பேசச் சொற்கள் பயன்படா. விசைகளை மேலும் கீழும் தள்ளிச் செய்தி தரவேண்டும். விளக்குகளின் ஒளியைக் கண்டு விடையை உணர வேண்டும். அதனை இயக்கக் கற்க இரண்டு வாரப் பயிற்சி தேவைப்பட்டது. அப்பொறி ஒன்றேனும் விற்றதாகச் சான்று இல்லை. அடுப்படியில் நிற்பவருடைய மொழியைப் பேசாத பொறி, எத்துணை அரியதாயினும் அடுப்படிக்குப் பயன்படாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அக்குறை மெல்ல மெல்ல நீங்கியது. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர், உலகெங்கும் உள்ள கணினிகளின் ஏடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் உலகளாவிய வலையைத் திட்டமிட்டார். 1993இல் அது கட்டணமின்றி எல்லாருக்கும் பொதுவாயிற்று. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், ஜப்பானில் 'குக்பேட்', அமெரிக்காவில் 'ஆல்ரெசிப்பீஸ்' முதலிய தளங்கள் தோன்றின. அவற்றில் குறிப்புகளை எழுதியவர் புகழ்பெற்ற சமையல் வல்லுநர் அல்லர்; இல்லங்களில் சமைப்பவரே. ஒருவர் எழுதியதைப் பிறர் சமைத்துப் பார்த்து, அதன் படத்தோடு தம் கருத்தையும் தெரிவிக்கும் வழக்கம் குக்பேட்டில் வளர்ந்தது. இதனால் எழுதியவர் தம் பிழையை அறிந்தார்; படிப்பவர் எக்குறிப்பு நம்பத்தக்கது என்பதை அறிந்தார்.

தமிழுக்கு இங்கு ஒரு தனித் தடை இருந்தது. தொடக்கத்தில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் பதிப்பதற்குப் பல முறைகள் வழங்கின. ஒரு முறையில் எழுதியது மற்றொரு முறையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 'கத்தரிக்காய்' என்று தேடினால், கணினியில் கத்தரிக்காய் இருந்தும் அகப்படாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி என்னும் ஏற்பாடு 1991இல் வெளியாயிற்று. தமிழும் அதில் இடம்பெற்றது. அம்முறை நடைமுறையில் பரவிய பின்னர், கோயம்புத்தூரில் எழுதிய குறிப்பைக் கோலாலம்பூரில் உள்ளவரும் தமிழிலேயே தேடிப் படிக்க முடிந்தது.

குறிப்பை ஒழுங்குபடுத்தும் முறை

இணையத்தில் இன்று எண்ணிறந்த குறிப்புகள் உள்ளன. அவற்றுள் வேண்டியதைத் தேடுபொறி எங்ஙனம் எடுத்துத் தருகின்றது? குறிப்பின் உறுப்புகள் தனித்தனியே பெயரிடப்படுவதே அதற்குத் துணை. 2011இல் கூகிள், மைக்ரோசாப்டு, யாகூ ஆகிய நிறுவனங்கள் கூடி, ஏட்டில் உள்ள செய்திகளின் பகுதிகளுக்குப் பொதுப் பெயர்கள் வகுத்தன. சமையற் குறிப்பிற்கும் அத்தகைய பெயர்கள் உண்டு. இது உணவின் பெயர், இவை பொருள்கள், இது சமைக்கும் நேரம், இத்தனை பேருக்குப் போதுமானது என்று அடையாளம் இடப்பட்ட குறிப்பைக் கணினி தெளிவாக அறிந்துகொள்கின்றது. 'கொள்ளு இருக்கின்றது, நேரம் அரைமணிதான் உள்ளது' என்று ஒருவர் தேடினால், அதற்கு ஏற்றவற்றைப் பிரித்தெடுத்துத் தருகின்றது.

கொங்கு நாட்டு வீடுகளில் பெரிதும் விரும்பப்படும் அரிசியும் பருப்பும் கலந்த சோற்றைச் சான்றாகக் கொள்ளலாம். வேலை முடித்துக் களைத்து வருவோருக்கு ஏற்ற எளிய உணவு அது. அதன் குறிப்பை ஒழுங்குபட எழுதினால் பின்வருமாறு அமையும்.

உணவு: அரிசியும் பருப்பும் கலந்த சோறு. உண்போர்: இருவர். அளக்கும் குவளை: 200 மில்லி லிட்டர். பொருள்கள்: அரிசி ஒரு குவளை, துவரம்பருப்பு கால் குவளை, தண்ணீர் மூன்றரைக் குவளை, சின்ன வெங்காயம் 10, தக்காளி ஒன்று, பூண்டு 6 பல், காய்ந்த மிளகாய் மூன்று, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, கடலை எண்ணெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியன தாளிப்பதற்கு. செய்முறை: முதலில், அரிசியையும் பருப்பையும் கழுவிச் சிறிது நேரம் ஊறவைத்தல். இரண்டாவது, எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கிப் பின் தக்காளியைச் சேர்த்தல். மூன்றாவது, தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு சேர்த்துக் கொதித்ததும், அரிசியையும் பருப்பையும் இட்டுக் குக்கரை மூடி மூன்று விசில் வரும் வரை வேகவிடல். பின் ஆவி தானே அடங்கும் வரை திறவாதிருத்தல். உண்ணும்போது நெய் சேர்த்துக்கொள்ளலாம்.

இக்குறிப்பில் குவளையின் கொள்ளளவு கூறப்பட்டுள்ளதைக் கருத வேண்டும். ஜப்பானில் சமையற் குவளை 200 மில்லி லிட்டர். அமெரிக்காவில் ஏறத்தாழ 240 மில்லி லிட்டர். தமிழர் வீடுகளில் உள்ள டம்ளர்களோ வீட்டுக்கு வீடு வேறுபடும். முற்காலத்தில் தமிழகத்தில் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்னும் அளவைகள் வழங்கின. 1956இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நாடெங்கும் மெட்ரிக் அளவைகள் வந்தன. ஆதலின், பாட்டியின் குறிப்பேட்டில் 'இரண்டு ஆழாக்கு' என்று இருப்பின், பேரப் பிள்ளைகள் அதனை இன்றைய அளவுக்கு மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அங்ஙனம் மாற்றாவிடில் எழுத்து இருந்தும் பொருள் மறைந்துவிடும்.

அளவைப் போலவே பெயரும் தெளிவாதல் வேண்டும். கொங்கு நாட்டில் ஒப்புட்டு எனப்படுவது பிற இடங்களில் போளி எனப்படும். பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கொங்கு வீடுகளில் 'செலவு ரசம்' வைத்துக் கொடுப்பர். இங்கே 'செலவு' என்பது மிளகு, சீரகம், மல்லி முதலிய மளிகைச் சரக்கைக் குறிக்கும். பிற நாட்டுத் தமிழர் அச்சொல்லைப் பணச்செலவு என்றே கருதி மயங்குவர். வட்டார வழக்கை நீக்கிவிட்டுப் பொதுச்சொல்லை இடுவது முறையன்று. வட்டாரச் சொல்லையும் அதன் பொருளையும் ஒருங்கே எழுதுவதே முறை. சொல் போனால், அச்சொல்லைப் பேசிய மக்களின் நினைவும் உடன் போகும்.

காட்சியும் எழுத்தும்

அண்மைக் காலத்தில் படக்காட்சிகள் சமையல் அறிவைப் பரப்பும் வலிய கருவிகளாயின. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் என்னும் சிற்றூரில், பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரப்பிள்ளைகளும் 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்பதைத் தொடங்கினர். வயல்வெளியில் பெரிய பாத்திரங்களில் சமைத்து, இடும் பொருள் ஒவ்வொன்றின் பெயரையும் உரத்த குரலில் கூறும் அவர்கள் காட்சிகளை உலகெங்கும் உள்ளோர் கண்டனர். 2021இல் அவ்வரிசையைத் தொடர்ந்து காண்பதற்குப் பதிவு செய்துகொண்டோர் தொகை ஒரு கோடியைக் கடந்தது. உழவர் குடும்பத்து உணவு அரண்மனை நூல்களில் இடம்பெறாத காலம் போய், உலகமே அதனை விரும்பிக் காணும் காலம் வந்தது.

காட்சியால் விளையும் நன்மை பெரிது. வெங்காயம் எந்த நிறம் வரும்வரை வதங்க வேண்டும், பாகு எந்தப் பதத்தில் கம்பியாக நீளும் என்பவற்றை நூறு சொற்கள் விளக்குவதைக் காட்டிலும் ஒரு காட்சி நன்கு விளக்கும். ஆனால், ஒரு கரண்டியா இரண்டு கரண்டியா என்று அறிய, கையில் மாவோடு காட்சியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பது எளிதன்று. பதத்தைக் காட்டக் காட்சியும், அளவைச் சொல்ல எழுத்தும் வேண்டும்.

பகிர்வோர் கடமை

அறிவைப் பகிர்தல் நற்செயல். பொறுப்போடு பகிர்தல் அதனினும் நன்று. ஓர் உணவின் பொருட்பட்டியலும் செய்முறையும் எவருக்கும் தனியுடைமையாவதில்லை. ஆனால், அவற்றை ஒருவர் தம் சொற்களால் எழுதிய விளக்கமும் எடுத்த படமும் அவருடைய உழைப்பு. அவற்றை எடுத்துத் தம் பெயரில் வெளியிடுதல் திருட்டுக்கு ஒப்பாகும். 'இன்னாரிடம் கற்றது' என்று ஒரு வரி எழுதுவதால் எழுதுபவர் சிறுமையடைவதில்லை, கற்பித்தவர் பெருமையடைகின்றார். பெயர் குறிக்கப்படாமலே சமைத்து மறைந்த பெண்கள் கோடிக்கணக்கானோர். இனியேனும் அவர்கள் பெயர் எழுதப்படுதல் வேண்டும்.

செய்து பாராத குறிப்பை எழுதலாகாது. இவ்வுணவு இந்நோயைத் தீர்க்கும் என்று ஆராயாமல் கூறுதலும் தீது. நிலக்கடலை சிலர் உடம்புக்கு ஒவ்வாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. இத்தகைய எச்சரிக்கைகளைக் குறிப்பில் விடுதல், உண்போர் உயிருக்கே இடராகக்கூடும்.

இணையத்தில் இட்டது என்றும் அழியாது என்று எண்ணுவதும் தவறு. மக்கள் தம் ஏடுகளை இட்டுவைத்த 'ஜியோசிட்டீஸ்' என்னும் பெரிய தளம், 2009இல் ஜப்பான் தவிர்த்த இடங்களில் மூடப்பட்டது. ஜப்பானிலும் 2019இல் மூடப்பட்டது. பிறர் வீட்டுப் பரணில் வைத்த பொருள், அவ்வீட்டார் கதவை அடைத்தால் கிட்டாது. ஆதலின், அருமையான குறிப்புகளைத் தாளிலும் ஒரு படி எழுதிவைப்பது அறிவுடைமை.

எழுத்தின் எல்லை

இங்ஙனம் எழுதிவிட்டால் கைப்பக்குவம் வேண்டாவோ என்று வினவலாம். வேண்டும். புதிய அரிசிக்குத் தண்ணீர் குறைவாகவும், பழைய அரிசிக்கு மிகுதியாகவும் வேண்டும். கோடையில் விரைவில் புளிக்கும் மாவு, மார்கழியில் நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தக்காளியின் புளிப்பும் ஒன்றன்று. குறிப்பு வழியைக் காட்டும். நடப்பவர் பள்ளம் மேடு பார்த்து நடக்க வேண்டும். அளவுத்தாள் இருப்பினும், தேர்ந்த தையற்காரர் கைபட்ட சட்டையின் அழகு தனியே தெரிவதில்லையா? எழுத்து கைப்பக்குவத்திற்குப் பகையன்று. அதனை அடைவதற்கு முதற்படி.

திருப்பூரின் அறைகளில் இவ்வுண்மையை இன்று காணலாம். புளிக்குழம்பு வைக்கத் தெரியாதிருந்தவன், அளவோடு எழுதப்பட்ட குறிப்பைக் கண்டு நாலைந்து முறை சமைத்த பின்னர், குறிப்பைப் பாராமலே சமைக்கின்றான். பக்கத்து அறையில் பீகாரிலிருந்து வந்தவர், வறுத்த கடலைமாவைக் கோதுமை மாவினுள் வைத்து உருட்டிச் சுடும் 'லிட்டி' என்னும் உணவைச் செய்கின்றார். இருவர் மொழியும் வேறு. ஆயினும், இத்தனை கிராம், இத்தனை நிமிடம் என்னும் எண்கள் இருவருக்கும் பொது. அவ்வெண்களின் வழியே ஒருவர் ஊரின் மணம் மற்றவர் அறைக்குச் செல்கின்றது.

மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் இன்னும் எழுதப்படாத ஒரு குறிப்பேனும் இருக்கும். பாட்டி மட்டுமே அறிந்த துவையல் ஒன்று, தாத்தா மட்டுமே வைக்கும் ரசம் ஒன்று இருக்கக்கூடும். விடுமுறை நாளில் ஓர் அளவுக் குவளையும் ஒரு குறிப்பேடும் கொண்டு அவர்கள் அருகே அமர வேண்டும். அவர்கள் கை பானையில் இடுமுன், அதிலுள்ளதை வாங்கி அளந்து எழுத வேண்டும். உணவின் பெயர், ஊர், கற்பித்தவர் பெயர், நாள் ஆகியவற்றையும் எழுத வேண்டும். பின்னர்த் தாமே சமைத்து, அவர்களை உண்ணச் செய்து, "இதுதானா அந்தச் சுவை?" என்று கேட்க வேண்டும். "ஆம்" என்று அவர்கள் சொல்லும் நாளில் அக்குறிப்பு நிறைவு பெறும். அதன் பிறகு அதனை உலகத்தோடு பகிர்ந்துகொள்ளலாம்.

அடுப்பின் நெருப்பு இரவில் அணைந்து காலையில் மீண்டும் மூளும். ஒரு முதியவரோடு மறைந்த சமையல் அங்ஙனம் மீள்வதில்லை. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது இளையோர் கடமையாகும்.